கறுப்பு, புளிப்பு, சொத்தை: காப்பிக் கொட்டையின் குறைகளைப் படிப்பது எப்படி?

நவம்பர் பிறந்தால் ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிப்பு தொடங்கிவிடும். பிப்ரவரி வரை நீளும். நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம் என்று எந்தப் பக்கம் போனாலும் களத்திலும் வீட்டு வாசலிலும் காப்பி காய்வதைப் பார்க்கலாம். காய்ந்ததை மூட்டை கட்டி வியாபாரியிடம் கொண்டுபோனால், அவர் ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டுச் சொல்வார்: "டிஃபெக்ட் நெறைய இருக்குதுங்க." அத்துடன் விலை இறங்கிவிடும்.

என்ன டிஃபெக்ட், எத்தனை, எதனால் வந்தது என்பதைப் பெரும்பாலும் அவரும் சொல்வதில்லை, விவசாயியும் கேட்பதில்லை. ஆனால் காப்பித் தொழிலில் அது ஒற்றைக் குறையின் பெயர் அல்ல. அதற்குக் கீழே பதினாறு பெயர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு காரணத்தைச் சொல்கிறது: தவறு மரத்தில் நடந்ததா, பழத்தோல் உரிக்கும் பல்ப்பரில் நடந்ததா, ஊறவைக்கும் தொட்டியிலா, களத்திலா, கிடங்கிலா என்று. பெயர் தெரிந்தால் காரணம் தெரியும். காரணம் தெரிந்தால் அடுத்த பருவத்தில் திருத்திக்கொள்ளலாம். இந்தக் கட்டுரை அந்தப் பெயர்களைப் பற்றியது.

மலையும் காப்பியும்

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்து இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தவர். இன்று 900 முதல் 1,500 மீட்டர் உயரம் வரை, சில்வர் ஓக் நிழலில், மிளகுக் கொடிகளுக்கு நடுவே அராபிகா வளர்கிறது. பெரிய எஸ்டேட்டுகள் ஒரு பக்கம். ஓரிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் மலையாளிப் பழங்குடி விவசாயிகளும் மற்றச் சிறு விவசாயிகளும் மறுபக்கம்.

இந்த மலைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் காலத்தில்தான் பழமும் சிவக்கிறது. பறிக்கவும் காயவைக்கவும் வெயில் வேண்டிய நாளில் மழையும் பனிமூட்டமும் வந்து நிற்கும். இங்கே காப்பியில் ஏற்படும் குறைகளில் பல இந்த ஈரத்திலிருந்து தொடங்குகின்றன.

ஒரே பொருள் போலத் தோன்றும் ஆங்கிலச் சொற்கள்

குறையைச் சொல்ல ஆங்கிலத்தில் பல சொற்கள் உண்டு. நாம் எல்லாவற்றையும் 'டேமேஜ்' என்றோ 'டிஃபெக்ட்' என்றோ சொல்லிவிடுகிறோம். காப்பியைத் தரம் பிரிப்பவர்கள் அவற்றைக் கலந்து பேசுவதில்லை.

'டிஃபெக்ட்' என்பது பொதுப்பெயர். இருக்க வேண்டியபடி இல்லாத எதுவும் டிஃபெக்ட்தான். பிறவியிலேயே வந்ததாக இருக்கலாம், பின்னால் வந்ததாகவும் இருக்கலாம்.

'டேமேஜ்' என்றால், நன்றாக இருந்த ஒன்றை வேறொன்று வந்து கெடுத்தது என்று பொருள். அதனால் அந்தச் சொல்லோடு கெடுத்தவரின் பெயரும் சேர்ந்தே வரும்: பூச்சி டேமேஜ், பூஞ்சை டேமேஜ். பிஞ்சிலேயே பறித்த கொட்டையை யாரும் டேமேஜ் என்று சொல்வதில்லை, அது முற்றாத கொட்டை மட்டுமே.

'ஃப்ளா' என்பது பொருளின் உள்ளேயே இருக்கும் பலவீனம். 'பிளெமிஷ்' என்பது மேலே தெரியும் மறு. கண்ணுக்குத்தான் குறை, பயனுக்கு இல்லை. உலர்ந்த வெள்ளித்தோல் ஒட்டிக்கொண்டு பார்வைக்கு மங்கலாக இருக்கும் கொட்டை, சுவையில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கலாம்.

'டெயின்ட்', 'ஃபால்ட்' என்ற இரண்டும் நாக்குக்கும் மூக்குக்கும் உரியவை. கொட்டையைப் பார்த்துச் சொல்வதற்கல்ல, குடித்துப் பார்த்துச் சொல்வதற்கு. அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

350 கிராம் கணக்கு

உலக அளவில் அதிகம் புழங்கும் அளவுகோல், ஸ்பெஷாலிட்டி காஃபி அசோசியேஷன் வகுத்தது. தோல் நீக்கிய, வறுக்காத பச்சைக் கொட்டை 350 கிராம் எடுக்க வேண்டும். அதில் சுமார் 2,000 முதல் 2,500 கொட்டைகள் இருக்கும். நல்ல வெளிச்சத்தில் கறுப்புத் தாள்மேல் பரப்பி, குறையுள்ள கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வகை பிரித்து எண்ண வேண்டும்.

குறைகள் இரண்டு வகை. முதல் வகையில் ஆறு உண்டு. அவற்றில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இரண்டாம் வகையில் பத்து உண்டு; அவை சேர்ந்து ஐந்து 'முழுக் குறை'க்குமேல் போகக் கூடாது. இந்த இரண்டு நிபந்தனைகளிலும் தேறியதற்குத்தான் ஸ்பெஷாலிட்டி என்ற பெயரும் அதற்கான விலையும்.

முழுக் குறை என்பது ஒரு மாற்று விகிதம். முழுக் கறுப்புக் கொட்டை ஒன்று இருந்தாலே ஒரு முழுக் குறை. பாதிக் கறுப்பு மூன்று சேர்ந்தால்தான் ஒன்று. உடைந்த கொட்டை ஐந்து சேர்ந்தால் ஒன்று. லேசாகப் பூச்சி துளைத்தது பத்து சேர்ந்தால் ஒன்று. கெடுதல் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு குறைந்த எண்ணிக்கையிலேயே அது கணக்கில் ஏறுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் 350 கிராமில் பாதிக் கறுப்பு 6, உடைசல் 10, லேசான பூச்சித் துளை 20 இருக்கின்றன என்று வையுங்கள். முறையே 2, 2, 2. மொத்தம் ஆறு முழுக் குறை. ஸ்பெஷாலிட்டிக்கு ஒன்று கூடுதல், தேறாது. பல்ப்பரைச் சரியாக முடுக்கி அந்தப் பத்து உடைசலைத் தவிர்த்திருந்தால் நான்கு. தேறிவிடும்.

ஒன்றுகூட இருக்கக் கூடாத ஆறு

முழுக் கறுப்பு: உள்ளும் புறமும் கருத்த கொட்டை. கீழே விழுந்து கிடந்த பழத்தைப் பொறுக்கிச் சேர்ப்பது, நோய் தாக்கிய பழம், அளவுக்கு மீறிய புளிப்பு ஆகியவை காரணம். ஒரு டம்ளர் காப்பிக்குச் சுமார் 10 கிராம் தூள் என்றால் அதில் அறுபது எழுபது கொட்டைகள்தான். அவற்றில் ஒன்று கறுப்பாக இருந்தால் டம்ளரில் தெரிந்துவிடும்.

முழுப் புளிப்பு: மஞ்சளும் செம்பழுப்பும் கலந்த நிறம். பிளேடால் நறுக்கி முகர்ந்தால் வினிகர் வாடை அடிக்கும். பறித்த பழத்தை அன்றே பல்ப்பரில் போடாமல் சாக்கிலேயே விட்டுவைத்ததும், தொட்டியில் நேரம் தவறியதும், அழுக்குத் தண்ணீரும் இதைத் தரும். பழத்தோல் உரித்த கொட்டை மேலுள்ள வழுவழுப்பு நீங்குவதற்காகத் தொட்டியில் ஊறும். அராபிகாவுக்கு அது பொதுவாக 24 முதல் 36 மணி நேரம். குளிர் அதிகமானால் இன்னும் நேரம் பிடிக்கும். கடிகாரத்தை மட்டும் நம்பாமல் கையால் தேய்த்துப் பார்க்க வேண்டும். வழுவழுப்பு போய்ச் சொரசொரப்புத் தட்டினால் உடனே கழுவிவிட வேண்டும். நேற்றைய கொட்டை நாலைந்து தொட்டி மூலையிலோ பல்ப்பரின் இடுக்கிலோ தங்கி, இன்றைய சரக்கோடு கலந்தாலும் போதும். அப்படி அழுகி நாறும் கொட்டைக்கு 'ஸ்டிங்கர்' என்றே பெயர்.

காய்ந்த முழுப் பழம்: தோல் நீங்காமல் அப்படியே வந்துவிட்டது. உமி நீக்கும் இயந்திரம் சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள்.

பூஞ்சை டேமேஜ்: மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோ பொடி படிந்த புள்ளிகள். ஈரக் களமும் ஈரக் கிடங்கும் தரும் கேடு இது. சுவையோடு நிற்காது, உடல்நலத்துக்கும் கேடு. சில பூஞ்சைகள் ஆக்ரடாக்ஸின்-ஏ என்ற நஞ்சை உண்டாக்குகின்றன. வறுத்த காப்பியில் அதன் வரம்பை ஐரோப்பிய ஒன்றியம் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம் என்றிருந்ததை 2023 ஜனவரி 1 முதல் 3 ஆகக் குறைத்துவிட்டது. இந்தியக் காப்பியில் பெரும்பங்கு ஏற்றுமதியாகிறது. இத்தாலி முக்கியமான வாடிக்கையாளர். அதனால் அங்கே எழுதப்படும் வரம்பு ஏற்காட்டுக் களத்துக்கும் பொருந்தும்.

கடும் பூச்சி டேமேஜ்: ஒரே கொட்டையில் மூன்று துளைகளோ அதற்கு மேலோ. காய்த் துளைப்பான் என்ற சின்னஞ்சிறு வண்டு செய்யும் வேலை. இந்தியாவில் இது முதலில் கண்டறியப்பட்டது 1990-இல், நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில். பெண் வண்டு பழத்தின் நுனியில் துளையிட்டு உள்ளே போய் முட்டையிடுகிறது. மரத்தில் விட்டுப்போன பழத்திலும் கீழே உதிர்ந்த பழத்திலும் அடுத்த பருவம் வரை அது உயிரோடு இருக்கும். அதனால்தான் பறிப்பு முடிந்த பிறகு மிச்சமீதியையும் பொறுக்கி எடுக்கச் சொல்கிறார்கள்.

வேற்றுப்பொருள்: கல், குச்சி, மண்கட்டி. இதற்கு விளக்கம் தேவையில்லை.

ஐந்துக்குள் அடங்க வேண்டிய பத்து

பாதிக் கறுப்பும் பாதிப் புளிப்பும் மேலே சொன்னவற்றின் சிறு வடிவங்கள். லேசான பூச்சித் துளை என்றால் மூன்றுக்குக் குறைவான துளைகள். மேல்தோல் நீங்காத பார்ச்மென்ட்டும் உமித்துண்டும் இயந்திரத்தின் தவறு. மீதி ஐந்தையும் நம் வயற்காட்டுச் சொற்களாலேயே சொல்லிவிடலாம்.

உடைசல்: பழத்தின் அளவுக்கு ஏற்பப் பல்ப்பரின் இடைவெளியை வைக்காவிட்டால் கொட்டை வெட்டுப்படும். ஈரத்தில் வெட்டுப்பட்ட இடம் கருத்துப்போகும். காய் பழுத்ததும் பழுக்காததுமாக, பெரிதும் சிறிதுமாகக் கலந்து போட்டால் எந்த இடைவெளியும் பொருந்தாது.

முற்றாத கொட்டை: சிறியது, ஓரம் கூர்மையாக உள்வளைந்திருக்கும், வெள்ளித்தோல் உரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். பச்சைக்காயோடு சேர்த்து உருவிப் பறித்தால் இது மலியும். குடித்தால் துவர்க்கும், புல் வாடை வரும். வறுத்தாலும் நிறம் ஏறாமல் வெளிறியே நிற்கும். அப்படி வெளிறி நிற்பதைக் 'குவேக்கர்' என்கிறார்கள். வறுத்த வேர்க்கடலைச் சுவை இருக்கும்.

சூம்பல்: உலர்திராட்சை போலச் சுருங்கிய கொட்டை. கொட்டை பிடிக்கும் பருவத்தில் மரம் தண்ணீர் இல்லாமல் வாடியதன் அடையாளம்.

பொக்கு: வெளிறி, எடையில்லாமல், தண்ணீரில் போட்டால் மிதக்கும். சரியாகக் காயாத காப்பியோ ஈரமுள்ள இடத்தில் அடுக்கி வைத்த காப்பியோ இப்படி ஆகும்.

ஓடு: காது மடல் போலக் குழிந்த கொட்டை. ஒரே உறைக்குள் இரண்டு கொட்டைகள் பின்னி வளர்ந்து, பிறகு பிரிந்ததால் வருவது. இது மரபணு வழி வரும் பிறவிக் குறை. விவசாயியின் கையில் இல்லை.

நாக்கு கண்டுபிடிப்பது

கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் சரக்கும் குடித்தால் தோற்கலாம். 2004 முதல் உலகெங்கும் புழங்கிய 100 மதிப்பெண் சுவைப் படிவத்தில் இதற்குத் தனி இடம் உண்டு. பல கோப்பைகள் போட்டுச் சுவைப்பார்கள். வேற்று வாடை லேசாகத் தட்டினால் அது 'டெயின்ட்', அந்தக் கோப்பைக்கு 2 மதிப்பெண் கழியும். குடிக்கவே முடியாத அளவுக்கு ஓங்கி நின்றால் அது 'ஃபால்ட்', 4 மதிப்பெண் கழியும். 80-க்குக் கீழே போனால் ஸ்பெஷாலிட்டி இல்லை. இரண்டு சொற்களுக்கும் உள்ள வேறுபாடு அளவில்தான். ஆனால் அந்த அளவு பணமாகிறது.

சணல் சாக்கில் நெடுநாள் கிடந்த காப்பியில் சாக்கு வாடை ஏறும். மண்தரையில் காய்ந்ததில் மண் வாடை. புகை, மண்ணெண்ணெய், உரமூட்டை எதன் அருகில் வைத்தாலும் காப்பி அதை இழுத்துக்கொள்ளும். ருவாண்டாவிலும் புருண்டியிலும் ஒருவகை நாவாய்ப்பூச்சியின் தாக்குதலோடு சேர்ந்து வரும் பச்சை உருளைக்கிழங்கு வாடை பெரிய தலைவலி. பிரேசிலில் மருந்து நெடி அடிக்கும் ஒரு குறைக்கு ரியோ என்று ஊர்ப்பெயரே நிலைத்துவிட்டது.

குறையா, தனிச் சிறப்பா?

காப்பிப் பழத்துக்குள் தட்டையான முகத்தோடு இரண்டு கொட்டைகள் இருப்பதே இயல்பு. ஒன்று உருவாகாமல் போனால் மற்றது இடம் முழுவதையும் எடுத்துக்கொண்டு உருண்டையாக வளரும். தாவரவியல் கணக்கில் இதுவும் வளர்ச்சிப் பிழைதான். ஆனால் இதுதான் தமிழ்நாட்டுக் காப்பிக் கடைகளில் பெருமையோடு கேட்டு வாங்கும் பீபரி. 'ஓடு' வகையைக் கழித்துக் கட்டும் தொழில், பீபரியைத் தனியாகச் சலித்துக் கூடுதல் விலைக்கு விற்கிறது. உருண்டையாக இருப்பதால் சீராக வறுபடுகிறது என்பது வறுப்பவர்கள் சொல்லும் காரணம்.

இன்னொன்று மான்சூன்ட் மலபார். வெளிறி உப்பிய கொட்டை வேறெங்கும் கழிவு. மேற்குக் கடற்கரையில் அதையே ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரக்காற்றில் பரப்பி, திருப்பிப் போட்டு, வேண்டுமென்றே அப்படி ஆக்குகிறார்கள். புளிப்புத் தணிந்து, கனத்த சுவையோடு, புவிசார் குறியீடும் பெற்று ஐரோப்பாவுக்குப் போகிறது. நினைத்துச் செய்து, அளவில் நிறுத்தினால் அது பக்குவம். கவனம் தவறி நேர்ந்தால் அது குறை.

அளவும் குறையும் வேறு வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நாம் கடையில் கேட்கும் பிளான்டேஷன் ஏ என்பது பதப்படுத்திய முறையையும் கொட்டையின் பருமனையும் குறிக்கும் பெயர். ஏ என்றால் 6.65 மி.மீ. துளையுள்ள சல்லடையில் நிற்கும் கொட்டை. பி என்றால் 6 மி.மீ. சி என்றால் 5.5 மி.மீ. சி என்று கேட்டதும் மட்டம் என்று நினைப்பது தவறு. குறையில்லாத சி, புளித்த ஏ-யைவிட நல்ல காப்பி.

எதை எங்கே திருத்தலாம்

இந்தப் பதினாறையும் காரணப்படி அடுக்கினால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும். வறட்சியும் ஓடும் விவசாயியின் கையில் இல்லை. மற்றவற்றில் பெரும்பாலானவை அவர் கையிலும் இயந்திரக்காரர் கையிலும் இருக்கின்றன.

சிவந்த பழத்தை மட்டும் பறிப்பது முதல் வேலை. ஒரே மரத்துக்கு மூன்று நான்கு முறை போக வேண்டியிருக்கும். கூலி கூடும் என்பது உண்மை. ஆனால் முற்றாத கொட்டை, உடைசல், பாதிப் புளிப்பு ஆகிய மூன்றும் இந்த ஒரு வேலையால் குறைகின்றன. பறித்த பழத்தைத் தண்ணீரில் கொட்டி மிதப்பதை ஒதுக்குவது இரண்டாவது. பூச்சி அரித்ததும் சொத்தையும் பெரும்பாலும் மேலே வந்துவிடும். மூன்றாவது, பறித்த அன்றே பல்ப்பரில் போட்டு, வேலை முடிந்ததும் பல்ப்பரையும் தொட்டியையும் கழுவுவது.

களத்து வேலைதான் ஏற்காட்டில் கடினம். வெயில் சரியாக அடித்தால் பார்ச்மென்ட் 7 முதல் 10 நாளில் காயும். மழை இடைப்பட்டால் கணக்கு மாறிவிடும். மண்தரையில் காயவைக்கவே கூடாது. சிமெண்டுக் களம் இல்லாதவர்கள் வலைவிரித்த மேடை கட்டிக் காயவைக்கலாம். காற்று அடியிலும் புகும். அடிக்கடி கிளறிவிட வேண்டும். சாயங்காலமானால் குவித்து மூட வேண்டும். ஈரம் பார்ச்மென்ட்டுக்கு நூற்றுக்குப் பத்து, தோலோடு காயவைக்கும் அராபிகா செர்ரிக்குப் பத்தரை என்ற அளவுக்கு இறங்கிய பிறகே மூட்டை. சாக்கைத் தரையில் வைக்காமல், சுவரிலிருந்து தள்ளி, மரச்சட்டத்தின் மேல் அடுக்க வேண்டும்.

விலை பேசும்போது

டிஃபெக்ட் என்ற ஒற்றைச் சொல்லுக்கு விலையைக் குறைத்துக்கொண்டு வராதீர்கள். எந்த டிஃபெக்ட், எத்தனை கிராமில் எத்தனை என்று கேளுங்கள். கடைத் தராசில் 350 கிராம் நிறுத்து, கறுப்புத் தாளில் பரப்பி, வியாபாரியின் முன்னாலேயே எண்ணலாம். இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. உடைசல் மட்டும் மிகுந்த சரக்குக்கும் பூஞ்சை பிடித்த சரக்குக்கும் ஒரே தள்ளுபடி என்றால் அது நியாயமில்லை. முதலாவது சிறு குறை, இரண்டாவது குடிப்பவருக்குக் கேடு. எண்ணிய கணக்கை எழுதி வையுங்கள். அடுத்த பருவத்தில் எந்த எண் குறைந்தது என்று ஒப்பிட அது உதவும்.

காப்பி குடிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஏற்காட்டுக்கு வந்து காப்பித்தூள் வாங்குபவர்கள், அரைப்பதற்கு முன் கொட்டையை ஒரு கைப்பிடி காட்டச் சொல்லுங்கள். கருகும் அளவுக்கு வறுத்த கொட்டையிலும் சிக்கரி கூடிய தூளிலும் எந்தக் குறையும் கண்ணுக்குத் தெரியாது. நடுத்தரமாக வறுத்த கொட்டையில் வெளிறி நிற்பவை, உடைந்தவை, துளை விழுந்தவை எல்லாம் தெரியும். பார்த்து வாங்குபவர்கள் கூடினால், சிவந்த பழத்தை மட்டும் பொறுக்கிப் பறித்த விவசாயிக்கு அந்த உழைப்பின் விலை கிடைக்கும்.